கண்டுக்காத வரைக்கும்

மகனே,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ பிறக்கவே இல்லை. எனக்குப் பதினாறு வயது ஆகிறது, பதினோராம் வகுப்பில் பொருளியல் பிரிவில் படிக்கிறேன். வளர்ந்து ஆளாகிவிட்ட மகனுக்கு ஒரு தாய் எழுதும் கடிதம் என்று எங்கள் தமிழ் ஆசிரியை ஒன்றரைப் பக்க வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். அதை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். பெரியவர்களை மதி, உழைத்துச் சாப்பிடு, ஓட்டுக்குக் காசு வாங்காதே என்றெல்லாம் அதில் இருக்கிறது. பத்துக்கு எட்டு மதிப்பெண் வரும். இது வேறு கடிதம். அம்மா விழித்துக்கொண்டு என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் வீட்டுப்பாடம் என்றுதான் சொல்லப் போகிறேன். ஆசிரியை மகன் என்று சொன்னதால்தான் மகனுக்கு எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அதுவே சரி என்று படுகிறது. மகளாக இருந்தால் இதில் பாதி, நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

என் முழங்கால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் மை டப்பாவும் இருக்கின்றன. காலை ஏழு மணிக்குள் அந்தத் தாளில் அம்மா சொல்வதுபோல் ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதினால் எங்கள் கடை நிற்கும். எழுதாவிட்டால் பத்து மணிக்குக் கடையை இடிக்கப் பொக்லைன் வந்துவிடும். என்ன எழுத வேண்டும் என்று சொல்லியும் கொடுத்துவிட்டார்கள். நான்கு வரிதான். பரீட்சையில் நாற்பது நிமிடத்தில் பத்துப் பக்கம் எழுதுகிறவள் நான். அந்த நான்கு வரிக்குக் கை வரவில்லை. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. என் அம்மா எஸ்தரின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் மனைகளாகி விற்றபோது உழுதவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அது அவர்களுடையது இல்லை. அம்மா எட்டாவது வரைக்கும் படித்தாள். இட்லி கட்டிக்கொடுக்கும் செய்தித்தாளைக்கூட ஒரு பக்கம் படித்துவிட்டுத்தான் கிழிப்பாள். பார்சல் வாங்க நிற்பவர்கள், "யக்கா, நீ பேப்பர் படிக்கறப்ப இட்லி ஆறிகினு கீது" என்று கிண்டல் செய்வார்கள். அப்பா வேன் ஓட்டுகிறார். படூரில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களை ஏற்றி நாவலூர் கம்பெனிகளில் விடுவதும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோவதும் அவர் வேலை. இன்றைக்கு அவருக்கு நைட் டூட்டி. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நான்கு கம்பம், மேலே தகர ஷீட், ஒரு பெஞ்ச், இரண்டு அடுப்பு. வேன் டிரைவர்கள், கட்டட வேலைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கும் நர்சுகள், கோயில் பார்க்க வந்து வழி தவறியவர்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள். நான் ஐந்து வயதில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கடை இருக்கும் இடம் சாலைப் புறம்போக்கு. வரிசையாகப் பஞ்சர் கடை, இளநீர்க் கடை, பழக்கடை என்று எங்களோடு சேர்த்து ஐந்து கடைகள் உண்டு. ஐந்தும் அப்படித்தான்.

அம்மா சட்டப்படி இருக்க ஆசைப்படாதவள் என்று நீ நினைக்கக் கூடாது. சாப்பாட்டுக் கடைக்குப் பதிவு வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன், அப்போது ஏழாவது படித்தேன். கடை இருக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். சொந்த இடமென்றால் பட்டா, வாடகை என்றால் ஒப்பந்தம். இரண்டும் இல்லை. இடத்துக்கு ஏதாவது ஒரு தாள் கிடைக்குமா என்று வேறு ஆபீசுக்குப் போனோம். அங்கே, கடைக்குப் பதிவு இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்கள். மின்சாரத்துக்குப் போனால் அந்த இரண்டையும் கேட்டார்கள். மூன்று வருஷத்தில் மூன்று முறை நிரப்பினேன். மூன்றாவது முறை பதிவு ஆபீசில் இருந்த ஒருவர், நல்ல மனிதர்தான், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, எதுக்கும்மா இப்படி அலையறீங்க, நடத்திக்குங்க, நாங்க கண்டுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வந்தாள். வழியில் எனக்குச் சோளம் வாங்கிக் கொடுத்தாள். கண்டுக்க மாட்டோம் என்ற சொல்லை நாங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வீடு கட்டினாலும், கடை போட்டாலும், மீன் காயவைத்தாலும், யாராவது ஒருவர் கண்டுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும். அது தாளில் இருக்காது. யார் சொன்னது என்று கேட்டால் பெயரும் இருக்காது. கொடுத்தவரே நினைத்தால் ஒரு நிமிடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி ஒரு சொல்லை நம்பித்தான் நீ பிறக்கப் போகும் குடும்பம் பதினோரு வருஷம் சாப்பிட்டது.

இனி சுவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் காலனியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. மாட்டு வண்டி போன காலத்துப் பாதை, வரைபடத்தில் புறம்போக்கு என்று இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த இடத்தை வாங்கியவர்கள் ஒரு விடுதி கட்டுகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் பாதைக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். இப்போது நாங்கள் சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போகிறோம். தோப்பில் காலையிலேயே குடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் வரும்போது நாங்கள் ஆறு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், வேகமாக நடப்போம். இருட்டினால் நடக்க முடியாது என்பதால் நான் சிறப்பு வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று அம்மா கேட்டாள், சொன்னேன். சுதந்திர தினத்தன்று நடந்த கிராம சபைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே வழக்கம்போல் தீர்மானங்களை வாசித்தார்கள், தலையாட்டினோம். முடியும் நேரத்தில் அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இட்லி ஊற்றப் போகிறவள்போல நின்றாள்.

"வண்டிப்பாதை புறம்போக்குங்க. புறம்போக்குன்னா எல்லாருக்கும் பொது. அத்த எப்டிங்க ஒருத்தரு வளைச்சி செவுரு வெக்கலாம்?"

விடுதிக்காரர்கள் எல்லா இடத்திலும் தடையின்மைச் சான்று வாங்கியிருக்கிறார்கள் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்தச் சான்றைப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அப்போ உன் இட்லிக் கடை இன்னா உங்கப்பன் பட்டாவுலயா கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என் கடைய தாண்டி நீ நடந்து போவ முடியுதில்ல? அந்தச் செவுத்த தாண்டிக் காட்டு, உனுக்கு ஒரு வாரம் நாஸ்தா ஃப்ரீ."

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மேடையில் இருந்தவர்களில்கூட ஒருவர் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், தோப்பு வழியாகத்தான், ஆனால் பயமில்லாமல். ஒரு மனிதருக்கு ஊர் நடுவில் நின்று கேள்வி கேட்க முடிகிறது என்றால் அது என்ன மாதிரி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் செய்த தவற்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை மனுவாக எழுதித் திங்கட்கிழமை செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றது நான். எழுதியதும் நான். மூன்று முறை அடித்து அடித்து எழுதினேன். பின்னாலிருந்து கேட்டவரின் கேள்வி என் மனசில் இடறிக்கொண்டே இருந்தது. அதற்கும் மனுவிலேயே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதனால் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: ‘எங்கள் சிற்றுண்டிக் கடையும் கடந்த பதினோரு ஆண்டுகளாகச் சாலைப் புறம்போக்கில்தான் இருக்கிறது, ஆயினும் அது இதுவரை ஒருவருடைய வழியையும் மறித்ததில்லை.’ பதினோரு வருஷம் என்று எழுதினால் எங்கள் பக்கம் எடை கூடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள், நீண்ட காலம் என்றால் மதிப்பார்கள் என்று நினைத்தேன். ‘ஆயினும்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா அதன்கீழ் எஸ்தர் என்று கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தை நீட்டி இழுத்து ஒரு கோடு போடுவாள், அதுதான் அவள் கையெழுத்து. மனு வாங்கிய இடத்தில், யார் எழுதியது, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்கள். என் பொண்ணு என்று அம்மா சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அதையே இரண்டு முறை சொன்னாள்.

மேலே போன தாள், விசாரிப்பதற்காகக் கீழே இறங்கித்தான் வர வேண்டும். அது எந்தெந்த மேசையில் உட்கார்ந்து வந்ததோ எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை சர்வேயர் ஒருவர் டேப்புடன் வந்து இறங்கினார். சுவரை அளக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா அவருக்குப் பெஞ்சைத் துடைத்துவிட்டு டீ கொடுத்தாள். சுவர் அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், எழுந்து டேப்பின் ஒரு முனையை எங்கள் கடையின் முன் கம்பத்தில் வைத்தார். அம்மாவே அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

ஏழு நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. அதில் ஒரு வரி: ‘மனுதாரர், பதினோரு ஆண்டுகளாக ஆக்கிரமிப்புச் செய்துவருவதைத் தமது மனுவிலேயே ஒப்புக்கொண்டுள்ளார்.’ என் வரிதான். ‘ஆயினும்’ தொடங்கி மீதியை விட்டுவிட்டார்கள். சுவரைப் பற்றி அந்த நோட்டீசில் ஒன்றுமில்லை. நான் அதைப் பள்ளிச் சீருடையோடு கடையில் நின்று சத்தமாக வாசித்தேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றாள். அந்தக் கருகல் வாசனை என் சீருடையில் இரண்டு நாள் இருந்தது.

போன வருஷம் குடிமையியலில் அரசியல் சுதந்திரம் ஒரு பாடம், இந்த வருஷம் பொருளியலில் தொழில் செய்யும் சுதந்திரம் ஒரு பாடம். இரண்டு புத்தகத்துக்கும் இரண்டு அட்டை. காலாண்டுத் தேர்வில், அரசின் கட்டுப்பாடுகள் வணிகத்துக்கு நன்மையா தீமையா என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. அளவோடு இருந்தால் நன்மை, மிகுந்தால் தீமை என்று எழுதி ஐந்தும் வாங்கினேன். இப்போது அதே கேள்வி வந்தால் எனக்கு எழுதத் தெரியாது. எங்கள் சாலையில் கட்டுப்பாடு மிகுதியாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அது பதினோரு வருஷம் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாய் திறந்ததும் எழுப்பிவிட்டார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு விதியை மீறித்தான் பிழைக்க முடியும் என்று வைத்துவிட்டால், யாரையும் பேசாதே என்று சொல்ல வேண்டியதே இல்லை. பேசுகிறவர்மேல் மட்டும் விதியை எழுப்பிவிட்டால் போதும். அவர்கள் செய்ததில் சட்டத்துக்கு மாறாக ஒன்றுமே இல்லை, மகனே. நோட்டீஸ் சரி, அளவு சரி, கெடு சரி. நானே எழுதிக்கொடுத்த ஒப்புதல்கூட இருக்கிறது. யாரிடம் போய் எது தவறு என்று சொல்வேன்?

விதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. போன மழைக்காலத்தில் அப்பா தொடர்ந்து இரண்டு ஷிப்ட் ஓட்டிவிட்டு வரும்போது கேளம்பாக்கம் தாண்டிக் கண் அசந்து வேனைத் தடுப்புச் சுவரில் ஏற்றிவிட்டார். வேனில் யாரும் இல்லாததால் தலையில் ஆறு தையலோடு போயிற்று. இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "கீது கீது, பேப்பர்ல கீது. நான் போயி ரூல் பேசினா வேற டிரைவர் வந்து நிப்பான்" என்றார் அப்பா. அங்கே அந்த விதி எழுந்து வந்திருந்தால் அவர் அன்றைக்கு வீட்டில் தூங்கியிருப்பார். அதை எழுப்ப எங்களிடம் ஆள் இல்லை. எங்களைக் காக்கும் விதியை நாங்கள் கூப்பிட்டால் வராது, எங்கள்மேல் விழும் விதியை அடுத்தவர் கூப்பிட்டால் உடனே வரும். நோட்டீஸ் வந்த அன்று அப்பா அம்மாவைத் திட்டவில்லை. தன் பேரை மட்டும் எதிலும் போட்டுவிட வேண்டாம் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போய் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கோழை என்று நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நோட்டீஸ் எங்களோடு நிற்கவில்லை. ஒரு கடையை மட்டும் எடுத்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்று ஐந்து கடைக்கும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்களோடு யாரும் பேசவில்லை. பழக்கடை அக்கா எங்கள் தண்ணீர்க் குடத்தைத் தன் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். பஞ்சர் கடை பாபு அண்ணன் மட்டும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை மடியில் தூக்கி வைத்து டயருக்குக் காற்றடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"யக்கா, நம்ப யாவாரமே யாரு கண்ணுலயும் படாம கீறதுதான். நீ எந்திரிச்சி நின்னுட்ட. உன்ன பாத்த கண்ணு எங்களயும் பாத்துடுச்சி."

அம்மா அவருக்கு டீ ஊற்றினாள். அவர் குடிக்காமல் எழுந்து போனார். சுவர் கட்டியவர்கள்மேல் மற்ற நான்கு கடைக்காரர்களில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. சுவர் எட்டாத தூரத்தில் இருந்தது, அம்மா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

இன்று மாலை ஜெயகுமார் மாமா வீட்டுக்கு வந்தார். வார்டு மெம்பர். அம்மாவுக்குத் தம்பி முறை. கெட்டவர் இல்லை, எனக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நாற்காலியில் உட்காராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். மேலே பேசிவிட்டாராம். அம்மா கொடுக்கும் ஒரு கடிதம் போதுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கிராம சபையில் புரியாமல் ஏதோ கேட்டுவிட்டேன், அந்த மனுவை நான் கொடுக்கவில்லை, அதிலிருப்பது என் கையெழுத்து இல்லை. இவ்வளவுதான். மனு செல்லாது என்று ஆகிவிட்டால், மனுவை வைத்துக் கொடுத்த நோட்டீசும் அப்படியே கிடக்கும். ஐந்து கடையும் பிழைக்கும். கையெழுத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும், அதனால் கைநாட்டு வைத்துவிடு யக்கா என்றார். தாளையும் மை டப்பாவையும் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அவற்றைக் கொண்டுவந்தே இருந்தார்.

அம்மா தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மனுவுல கையெழுத்து என்துல்லன்னா, வேற யாரு போட்டதுன்னு கேப்பாங்களே தம்பி" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். மனு முழுவதும் என் எழுத்து. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அம்மாவின் கையெழுத்தை நான் போட்டேன் என்று யார் நினைத்தாலும் நினைக்கலாம்.

"படிக்கிற பொண்ணு, அத்த யாரு கேக்கப் போறா. கண்டுக்க மாட்டாங்க" என்றார் மாமா.

இதுவரை கடை மட்டும்தான் அப்படி இருந்தது. நாளைக் காலையிலிருந்து நானும் யாரும் கண்டுக்காத வரைக்கும்தான் இருக்கப் போகிறேன். அந்த மனு எங்காவது ஒரு கோப்பில் இருக்கும், அம்மாவின் கைநாட்டுக் கடிதமும் அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும். நான் கல்லூரிக்குப் போகும்போதோ, வேலைக்கு எழுதிப்போடும்போதோ, ஏதாவது ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கும்போதோ, அதை எடுத்துப் பார்க்க யாருக்காவது தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். என் பெண்ணை இதில் இழுக்க மாட்டேன், கடை போனால் போகட்டும், சித்தாள் வேலைக்குப் போகிறேன் என்றாள். பாபு அண்ணன் பிள்ளைகளும் சித்தாள் வேலைக்குப் போவார்களா என்று மாமா கேட்டார். எழுதுகிறேன் என்று சொன்னது நான்தான். தைரியத்தில் சொல்லவில்லை, மகனே. நாலு கடைக்காரர்களும் தினமும் என்னைப் பார்க்கப் போகும் பார்வைக்குப் பயந்து சொன்னேன்.

ஒரு தாய் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உன் கையில் தாள் இல்லாத எதையும் உன்னுடையது என்று நம்பாதே. தாள் இருந்தாலும் அதை எழுதியவர் யார் என்று பார். நீ நன்றாகப் படித்து, அப்பா வேனில் ஏற்றிப்போகிறவர்களைப்போல நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்காரலாம். அங்கே பொக்லைன் வராது. ஆனால் வீட்டுக் கடன், வேலை ஒப்பந்தம், எப்போதோ போட்ட ஒரு கையெழுத்து என்று உன்னைப் பிடித்து இழுக்க ஏதாவது ஒரு நுனி யாரிடமாவது இருக்கும். நீ பேச நினைக்கும் நாளில் அது லேசாக இழுபடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. பேசு என்று சொன்னால் நான் பொய்க்காரி. பேசாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. கேள்வி கேட்டு அம்மா ஜெயிக்கவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் நன்றாகத்தான் இருந்திருப்போம். தோப்பைச் சுற்றி நடந்துகொண்டு, சிறப்பு வகுப்புக்குப் போகாமல், நன்றாக.

வளர்ந்த பிறகு உன் அம்மா எதற்கும் வாய் திறக்காதவளாக இருப்பதை நீ பார்க்கலாம். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும், உன் பள்ளியில் உன்னை அநியாயமாக நிறுத்தி வைத்தாலும், சரி வா போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுக்கிறவளாக இருக்கலாம். உனக்கு என்மேல் வெறுப்பு வரும். அப்போது இதைப் படித்துக்கொள். அரசாங்கக் கோப்பில் உன் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள், எதையும் கேட்காதவள் என்றுதான் இருக்கும். அவள் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் அந்த நான்கு வரியையும் எழுதிவிட்டேன். என் எழுத்து மாதிரித் தெரியாமல் இருக்க எழுத்துகளைச் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். அடுப்பு மூட்டும் நேரம் வந்ததும் அம்மா எழுந்தாள். உன் கடிதத்தைப் பொருளியல் புத்தகத்துக்குள் தள்ளிவிட்டு அந்தத் தாளை அவளிடம் கொடுத்தேன். விளக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை நகர்த்தி, உதடு அசையாமல் படித்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது. ‘எனக்கு எழுத படிக்க தெரியாது’ என்று நான் எழுதியிருந்தேன்.

"எழுதப் படிக்கத் தெரியாது. ரெண்டு ஒத்து வுட்டுட்ட பாரு" என்றாள்.

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ப் போட்டேன், த் போட்டேன். அவள் திரும்பி வந்து இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். பிறகு மை டப்பாவைத் திறக்கச் சொல்லிக் கட்டை விரலை நீட்டினாள்.